சென்சஸ், குடிமதிப்பு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இரண்டு முறை கணக்கெடுப்பாளராகப் போனவன். 2001-இல் ஏற்காட்டு மலைக் கிராமங்களில், 2011-இல் சேலம் அம்மாபேட்டைப் பக்கம். அப்போது பள்ளிக்கூட வாத்தியார், இப்போது ஓய்வு. 2027 கணக்கெடுப்பைப் பற்றிய பேச்சு தொடங்கியதிலிருந்து தெருக்காரர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள், மலையில் இருக்கும் பழைய மாணவர்கள் என்று ஆளாளுக்கு ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் சொல்லைப் பற்றிய கேள்விகள். தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

சென்சஸ் என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் என்ன?

அது லத்தீன் சொல். 'மதிப்பிடு' என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. பழைய ரோமில் சென்சார் என்ற பதவியில் இருவர் இருந்தார்கள். ஐந்தாண்டுக்கு ஒரு முறை குடிமக்களைப் பெயர் பெயராகப் பதிந்து, யாரிடம் எவ்வளவு சொத்து இருக்கிறது என்று மதிப்பிடுவது அவர்கள் வேலை. யாருக்கு எவ்வளவு வரி, யார் படையில் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பதிவை வைத்துத்தான் முடிவாகும். கூடவே ஊராரின் நடத்தையையும் அவர்களே கண்காணித்தார்கள். சினிமாவுக்குக் கத்தரி போடுகிற 'சென்சார்' அந்த இரண்டாவது வேலையிலிருந்து வந்த பெயர். ஆக சென்சஸும் சென்சாரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இதைச் சொன்னால் வகுப்பில் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

தமிழில் அதற்குச் சரியான சொல் எது?

இன்று தமிழ்நாட்டு அரசும் பத்திரிகைகளும் எழுதுவது 'மக்கள்தொகைக் கணக்கெடுப்பு'. நீளமான சொல்தான், ஆனால் குழப்பம் இல்லாதது. பேச்சில் யாரும் இதைச் சொல்வதில்லை. 'சென்சஸ் எடுக்க வந்திருக்காங்க' என்பதுதான் வழக்கம். அதில் தப்பு எதுவும் இல்லை. பஸ், பேங்க் மாதிரி சென்சஸும் நம் சொல்லாகிவிட்டது.

பழைய தமிழ் எழுத்தில் 'குடிமதிப்பு' என்று இருக்கும். எனக்கு இந்தச் சொல்லின் மேல் தனிப் பிரியம். லத்தீன் சொல்லின் வேரும் 'மதிப்பிடுதல்', நம் சொல்லிலும் 'மதிப்பு'. குடி என்பது தனி ஆள் இல்லை, குடும்பம். குடித்தனம், குடியிருப்பு, குடிக்கூலி எல்லாவற்றிலும் வீடும் குடும்பமும் சேர்ந்தே வருகின்றன. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி எடுக்கிற கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ஆனால் இன்று எழுதினால் இரண்டு சிக்கல். 'மதிப்பு' என்றால் உத்தேசம் என்று பொருள் எடுத்துக்கொள்வார்கள். கணக்கெடுப்போ உத்தேசம் இல்லை, ஒவ்வொருவராக எண்ணுவது. அடுத்து, 'குடி' என்றதும் குடியுரிமை நினைவுக்கு வந்துவிடும். கணக்கெடுப்பில் இங்கே வசிக்கிற எல்லோரும் சேர்த்தி, வெளிநாட்டுக்காரர் உட்பட.

இலங்கைத் தமிழர்கள் 'குடிசன மதிப்பீடு' என்றும் 'தொகைமதிப்பு' என்றும் எழுதுகிறார்கள். கொழும்பில் இதற்கான திணைக்களத்தின் பெயரே தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம்தான். நாம் மக்கள்தொகை என்பதை அவர்கள் சனத்தொகை என்பார்கள். நம் தாத்தா காலத்தில் இங்கேயும் ஜனத்தொகைதானே.

கேரளத்துப் பெரியவர்கள் வாயில் இன்னும் 'கானேஷுமாரி' என்ற சொல் கேட்கும். பாரசீகத்தில் கானா என்றால் வீடு, ஷுமாரி என்றால் எண்ணிக்கை. வீட்டை எண்ணுவது. உருதுவில் 'மர்தும் ஷுமாரி' என்பார்கள், அது ஆட்களை எண்ணுவது. வீட்டை எண்ணுவதா ஆளை எண்ணுவதா என்ற அந்த வித்தியாசம் இன்றைய கணக்கெடுப்பிலும் இருக்கிறது. முதலில் வீட்டுப்பட்டியல், பிறகு ஆள்கணக்கு என்று இரண்டு கட்டமாகத்தான் எடுக்கிறார்கள்.

'மக்கள்தொகை எடுக்கிறார்கள்' என்று சொல்வது சரியா?

பேச்சில் விட்டுவிடலாம், எழுத்தில் கூடாது. மக்கள்தொகை என்பது கிடைக்கிற எண். கணக்கெடுப்பு என்பது அந்த எண்ணைக் கண்டுபிடிக்கிற வேலை. எடை வேறு, எடை போடுவது வேறு. '2011 மக்கள்தொகையின்படி' என்று விண்ணப்பங்களில் எழுதுகிறார்கள். '2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி' என்று இருக்க வேண்டும்.

மக்கட்தொகையா, மக்கள்தொகையா?

மக்கட்பேறு சரி. ஆனால் 'மக்கட்தொகை' அரைகுறைப் புணர்ச்சி. இலக்கணப்படி முழுக்கப் புணர்த்தினால் மக்கட்டொகை என்று வரும், அதை யாரும் எழுதப்போவதில்லை. மக்கள்தொகை என்று எழுதுங்கள். பின்னால் கணக்கெடுப்பு வந்தால் நடுவில் 'க்' போட மறக்காதீர்கள்.

எந்தக் கணக்கையும் சென்சஸ் என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது என்பது என் கட்சி. யாரையும் விடாமல் எண்ண வேண்டும். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். எல்லை தெளிவாக இருக்க வேண்டும். எல்லாருடைய கணக்கும் ஒரே நேரத்தைக் குறிப்பதாக இருக்க வேண்டும். இத்தனையும் பொருந்தினால்தான் அது சென்சஸ். நூறு வீட்டுக்குப் பத்து வீடு என்று பொறுக்கி எடுத்து, அதிலிருந்து மொத்தத்தை ஊகிப்பதற்கு 'மாதிரி ஆய்வு' என்று பெயர். அதுவும் நல்ல முறைதான், செலவும் குறைவு. ஆனால் அது சென்சஸ் ஆகாது.

இந்த இடத்தில் ஒரு மலைக்கதை. மாதிரி ஆய்வுக்கு ஊரில் புழங்குகிற சொல் 'சர்வே'. ஆனால் நம் பக்கம் சர்வே என்றால் நில அளவை. ஏற்காட்டில் ஒரு வீட்டு வாசலில் நின்று, 'அரசாங்க சர்வேங்க' என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். உள்ளே போன பெரியவர் வெளியே வரும்போது கையில் பட்டா, ரசீது, மஞ்சள் பையில் கட்டி வைத்திருந்த பழைய பத்திரம் எல்லாம் இருந்தன. பாவம், பக்கத்துத் தோட்டக்காரரோடு அவருக்கு வேலித் தகராறாம். அதைக் கேட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து 'பேர் எழுத வந்திருக்கிறோம்' என்று மட்டும் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

விலங்குகளுக்கும் இதே விதிதான். ஆடு மாடுகளை வீடு வீடாக எண்ணுவதால் அது கால்நடைக் கணக்கெடுப்பு. ஐந்தாண்டுக்கு ஒரு முறை நடப்பது, 1919-இல் தொடங்கியது. காட்டுப் புலியை அப்படி வரிசையில் நிறுத்தி எண்ண முடியுமா? கேமராவில் பதிந்தவை, தடம், எச்சம் ஆகியவற்றை வைத்துக் கணிக்கிறார்கள். அதை மதிப்பீடு என்பதே சரி. ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் ரோட்டைக் கடக்கிற காட்டெருமைகளுக்கும் அப்படியே.

ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு எண்ணுகிறோமே, அதுவும் ஒரு சென்சஸ்தானே?

நல்ல கேள்வி. 'எங்க ஊரு நூத்தி நாப்பது தலைக்கட்டு' என்று பட்டென்று சொல்கிற ஊர்ப் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மாரியம்மன் பண்டிகைக்கு வரி போடுவதற்கான கணக்கு அது. ரோமின் பழைய சென்சஸுக்கு இது ரொம்ப நெருக்கம். அதுவும் வரிக்காக எடுத்ததுதான். ஆனால் தலைக்கட்டில் எல்லாரும் வர மாட்டார்கள். பெரும்பாலும் கல்யாணமான ஆண்பிள்ளைக்கு ஒரு தலைக்கட்டு. வாடகைக்குக் குடிவந்தவர் வர மாட்டார். கணவனை இழந்தவரைச் சில ஊரில் அரைக்கட்டாகச் சேர்ப்பார்கள், சில ஊரில் விட்டுவிடுவார்கள். நூற்று நாற்பது தலைக்கட்டு என்றால் எத்தனை பேர் என்று கேளுங்கள், யாருக்கும் தெரியாது. கணக்கெடுப்பு கேட்பது அந்த இரண்டாவது கேள்வியை.

இந்தியாவில் எப்போதிலிருந்து எடுக்கிறார்கள்?

1872-இல் முதல் முயற்சி. ஆனால் நாடு முழுக்க ஒரே சமயத்தில் எடுத்தது அல்ல. ஒரே நேரத்தில் எடுத்த முதல் கணக்கெடுப்பு 1881. அதிலிருந்து பத்தாண்டுக்கு ஒரு முறை தவறாமல் நடந்தது, உலகப்போர் நடந்த 1941-இல்கூட. 2021-இல் எடுக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போனதுதான் முதல் தடை.

சேலத்துக்கு அதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாராமகாலும் (இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தவுடன், கம்பெனி அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே வந்து நிலத்தை அளந்தார்கள், வரி போட்டார்கள், ஊரையும் தொழிலையும் எழுதி வைத்தார்கள். அதைச் சென்சஸ் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம் பக்கத்தில் சர்வே என்ற சொல் நிலத்தோடு இவ்வளவு ஒட்டிக்கொண்டதில் அந்தக் காலத்துக்கும் பங்கு இருக்கும் என்பது என் ஊகம்.

பீகாரில் நடந்ததும் சாதிவாரிக் கணக்கெடுப்பு, 2027-இல் நடக்கப்போவதும் சாதிவாரிக் கணக்கெடுப்பு. இரண்டும் ஒன்றா?

ஒன்றில்லை. இங்கே சொல்லின் பொருள் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில், ஒன்றிய அரசின் பட்டியலில் 69-வதாக இருப்பது சென்சஸ். அதாவது மாநில அரசு சென்சஸ் எடுக்க முடியாது. பீகார் அரசு தான் எடுத்ததை 'சர்வே' என்று வாதிட்டது. பாட்னா உயர் நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் அதை ஏற்றுக்கொண்டது. நம் தமிழில் இரண்டுக்கும் 'கணக்கெடுப்பு' என்றே செய்தி வந்ததால், வழக்கு எதைப் பற்றியது என்பதே பலருக்குப் புரியவில்லை.

2011-இல் சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பு என்று ஒன்று நடந்தது. பெயரில் சென்சஸ் இருந்தாலும் அது 1948-ஆம் ஆண்டு சென்சஸ் சட்டத்தின் கீழ் எடுத்தது அல்ல. எல்லாச் சாதிகளின் கணக்கும் கடைசியாக வெளியானது 1931 கணக்கெடுப்பில். 2027-க்கு அது மறுபடி சேர்க்கப்படுகிறது.

வாக்காளர் பட்டியலுக்கும் ஆள் வந்தார், அவர் சென்சஸ்காரர் இல்லையா?

இல்லை. 2025 நவம்பரில் வீட்டுக்கு வந்தது வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கு. அந்தத் தாளுக்குக் 'கணக்கீட்டுப் படிவம்' என்று பெயர் வைத்ததில் எங்கள் தெருவில் பாதிப் பேர் 'சென்சஸ் முடிந்துவிட்டது' என்றே நம்புகிறார்கள். அது தேர்தல் ஆணையத்தின் வேலை, பதினெட்டு வயதானவர்களுக்கு மட்டும். தேசிய மக்கள்தொகைப் பதிவேடு என்பது இன்னொன்று. அது குடியுரிமைச் சட்டத்தை ஒட்டிய பதிவேடு. ரேஷன் கார்டு சரிபார்ப்பு நாலாவது. வருகிறவர் யார் என்று அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

கணக்கெடுப்பில் 'குடும்பம்' என்றால் சொந்தக்காரர்களா?

சொந்தம் முக்கியமில்லை, அடுப்புதான் முக்கியம். வழக்கமாகச் சேர்ந்து வசித்து, ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். அண்ணன் தம்பி ஒரே வீட்டில் இருந்தாலும் அடுப்பு இரண்டு என்றால் குடும்பம் இரண்டு. சொந்தமே இல்லாத நாலு பையன்கள் ஒரு அறை எடுத்துச் சேர்ந்து சமைத்தால் அவர்கள் ஒரு குடும்பம்.

அம்மாபேட்டையில் ஒரு வீட்டில் மாமியார் 'எல்லாரும் ஒண்ணாத்தான் இருக்கோம்' என்றார். பின்னாலேயே மருமகள், 'ஆறு மாசமா தனியாத்தான் பொங்குறோம் சார்' என்றார். வாசலிலேயே சண்டை. நான் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டேன். கடைசியில் இரண்டு குடும்பமாக எழுதினேன்.

வீடு என்பதும் நாம் நினைக்கிற வீடு அல்ல. தனி வாசல் இருந்து தனியாகப் புழங்குகிற இடம் எதுவானாலும் 'கணக்கெடுப்பு வீடு'தான். கடை, கோயில், தறிக்கூடம், பூட்டிக் கிடக்கிற வீடு எல்லாவற்றுக்கும் எண் உண்டு. குடும்பத் தலைவர் யார் என்பதை அந்தக் குடும்பமே சொல்லும். மூத்தவராகவோ ஆணாகவோ இருக்க வேண்டும் என்று விதி இல்லை.

எல்லாரையும் ஒரே நேரத்தில் எப்படி எண்ண முடியும்?

அந்தக் காலத்தில் முயன்றிருக்கிறார்கள். 1931 வரை ஒரே இரவில் எண்ணுகிற முறைதான். இப்போது சில வாரம் எடுத்துக்கொள்கிறார்கள், ஆனால் கணக்கு ஒரு நள்ளிரவைக் குறிக்கும். 2011-இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாகப் போனோம். கணக்கு நின்ற நேரம் மார்ச் 1 பிறக்கிற நள்ளிரவு. அதற்குப் பிறகு ஐந்து நாள் மறுபடி சுற்றி வந்து, இடையில் பிறந்த குழந்தையைச் சேர்த்தோம், இறந்தவரைக் கழித்தோம். பிப்ரவரி 28 இரவு பதினொன்றரைக்குப் பிறந்த குழந்தை கணக்கில் உண்டு. பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிடம் கழித்துப் பிறந்தது இல்லை.

வீடில்லாதவர்களை எண்ணுவது அந்த 28-ஆம் தேதி இரவில்தான். பஸ் நிலையம், ரயில் நிலையம், பாலத்தடி என்று தேடிப் போக வேண்டும். படுத்திருப்பவரை எழுப்பிப் பெயர் கேட்பது சங்கடமான வேலை. என்னோடு வந்த தலைமையாசிரியர் ஒரு பை நிறைய பன் வாங்கி வந்திருந்தார். அது எந்தக் கையேட்டிலும் இல்லாத யோசனை.

2027-க்கும் மார்ச் 1 நள்ளிரவையே அறிவித்திருக்கிறார்கள். லடாக், இமாசலம் மாதிரி பனி மூடும் பகுதிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 1.

ஏற்காட்டில் விடுதியில் படிக்கிற என் மகனை எங்கே எழுதுவார்கள்?

ஏற்காட்டில், அவன் விடுதியில். சேலத்து வீட்டில் அவன் பெயரைக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் இரண்டு முறை ஏறிவிடும். விடுதி, ஆசிரமம், சிறை மாதிரி இடங்களுக்கு 'நிறுவனக் குடும்பம்' என்று தனி வகை. ஏற்காட்டில் விடுதிப் பள்ளிக்கூடங்கள் அதிகம் என்பதால் அங்கே கணக்கு பார்க்கிறபோது இதை மனதில் வைக்க வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகள் கூடுதலாகத் தெரிவார்கள்.

காப்பித் தோட்டத்து ஆட்கள் விஷயம் கொஞ்சம் கஷ்டம். பழம் பறிக்கிற பருவம் கணக்கெடுப்பு நேரத்தோடு உரசும். கீழிருந்து மேலே வேலைக்கு வந்தவர், அந்த இருபது நாளும் தோட்டத்து லயத்திலேயே (தொழிலாளர் வரிசை வீட்டிலேயே) இருந்தால் அங்கேயே எழுத வேண்டும். நடுவில் சில நாளாவது சொந்த ஊரில் இருந்திருந்தால் அந்த ஊர்க் கணக்கு. ஒவ்வொருவரிடமும் 'எப்ப வந்தீங்க, எப்ப போவீங்க' என்று கேட்டுத்தான் எழுத முடியும்.

சேர்வராயன் மலைக் கணக்கில் 'மலையாளி' என்று இருக்கிறதே, இத்தனை கேரளக்காரர்களா?

சென்னையில் இருக்கும் என் மைத்துனரே இதைக் கேட்டார். இல்லை. இவர்கள் மலையை ஆளுகிறவர்கள், மலைக்காரர்கள். சேர்வராயன், கல்வராயன், கொல்லி மலைகளின் பழங்குடிகள். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாக அவர்களே கதை சொல்வார்கள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் பெயரில் உள்ள ஒற்றுமை மட்டும்தான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் மொத்தம் 7,94,697 பேர். அதில் எண்ணிக்கையில் பெரிய பிரிவு இவர்கள்தான்.

இந்த ஒரு சொல்லை வைத்தே ஒரு மலையின் கணக்கைக் கெடுத்துவிடலாம். மொழிக் கட்டத்தில் யாராவது யோசிக்காமல் மலையாளம் என்று எழுதினால் போச்சு. இன்னொரு பக்கம், வீட்டுக்காரர் 'நாங்க கவுண்டருங்க' என்பார், சிலர் 'காராளர்' என்பார்கள். அது ஊர் வழக்கு. அரசின் பட்டியலில் இருக்கிற பெயர் மலையாளி. பட்டியலைக் காட்டிக் கேட்டு, அந்தப் பெயரைத்தான் எழுத வேண்டும். 2001-இல் நாகலூர்ப் பக்கம் நான் அதிக நேரம் செலவழித்தது இந்த ஒரு கட்டத்துக்குத்தான்.

வீட்டில் சௌராஷ்டிரம், கடையில் தமிழ். எதைத் தாய்மொழி என்று சொல்வது?

சின்ன வயதில் அம்மா உங்களோடு பேசிய மொழி எதுவோ அது. எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. சௌராஷ்டிரம் என்று சொல்லுங்கள். தெரிந்த பிற மொழி என்ற இடத்தில் தமிழைச் சொல்லுங்கள். அம்மாபேட்டையில் சௌராஷ்டிரம், தெலுங்கு, கன்னடம் பேசுகிற நெசவாளர் குடும்பங்கள் அடுத்தடுத்த வாசல். கூச்சத்தில் எல்லாரும் 'தமிழ்னே போட்டுக்கங்க சார்' என்பார்கள். அப்படிப் போடக் கூடாது. ஒரு மொழியை எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள நமக்கு வேறு வழி கிடையாது.

வயது எப்படிச் சொல்ல வேண்டும்?

நிறைந்த வயது. நம்மவர்கள் 'அறுபது நடக்குது' என்பார்கள்; அதற்கு ஐம்பத்தொன்பது என்று எழுத வேண்டும். ஆண்டு தெரியாத பாட்டிகளிடம், 'மேட்டூர் அணை கட்டும்போது பிறந்துவிட்டீர்களா' என்று கேட்டுப் பிடிப்போம்.

கணவர் பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிறாரே என் அத்தை, அபராதம் வருமா?

வராது. 1948 சட்டத்தின் 8-வது பிரிவிலேயே இதற்கு விலக்கு இருக்கிறது. வழக்கப்படி சொல்லக் கூடாத பெயரை, கணவர் பெயரையோ இறந்துபோன கணவர் பெயரையோ, சொல்லும்படி எந்தப் பெண்ணையும் கட்டாயப்படுத்த முடியாது. வீட்டுப் பெண்களின் பெயரைச் சொல்ல யாருக்கும் கட்டாயம் இல்லை என்றும் இருக்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கு நம் வீட்டு வாசல்கள் தெரிந்திருக்கின்றன. நடைமுறையில் பேரன்தான் உள்ளேயிருந்து கத்திப் பெயர் சொல்வான்.

இதைவிடக் கஷ்டம் பிள்ளைகளை எண்ண விடாத பாட்டிகள். 'எண்ணுனா குறைஞ்சிடும், கண்ணு பட்டுடும்' என்பார்கள். எண்ணிக்கை கேட்காமல் மூத்தவன் பேர் என்ன, அடுத்தது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் தானே வந்துவிடும்.

மற்றபடி பதில் சொல்ல மறுத்தால் 1,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. கொடுத்த விவரம் ரகசியம். 15-வது பிரிவின்படி யாரும் வாங்கிப் பார்க்க முடியாது, சொத்து வழக்கில் சாட்சியமாகக் காட்டவும் முடியாது. வேலித் தகராறுப் பெரியவர் இதைக் கேட்டு ஏமாந்துபோனார்.

சரி, சேலத்தின் மக்கள்தொகை எவ்வளவு?

எந்தச் சேலம் என்று முதலில் சொல்லுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டம் 34,82,056. மாநகராட்சி எல்லைக்குள் 8,29,267. ஒட்டிய ஊர்களையும் சேர்த்த நகரத்திரள் 9 லட்சத்துக்கு மேல். மூன்றும் சரி. எல்லையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வதுதான் தப்பு.

ஒரு மாணவி வந்து, '1991-இல் 38.96 லட்சம் இருந்த சேலம் மாவட்டம் 2001-இல் 30,16,346 ஆகிவிட்டதே, எட்டு லட்சம் பேர் எங்கே போனார்கள்' என்று கேட்டாள். யாரும் எங்கும் போகவில்லை. 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமானது. அதற்கு முன்பு 1965-இல் தர்மபுரி பிரிந்தது. கணக்கெடுப்புக்குச் சில மாதம் முன்பே மாவட்ட, வட்ட எல்லைகளை மாற்றக் கூடாது என்று நிறுத்தி வைப்பது இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான்.

'கணக்கெடுப்பு நகரம்' என்றால் என்ன?

நிர்வாகத்தில் கிராம ஊராட்சி, கணக்கில் நகரம். குறைந்தது 5,000 பேர், வேலை செய்கிற ஆண்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத தொழிலில், சதுர கிலோமீட்டருக்கு 400 பேருக்குக் குறையாத நெருக்கம். மூன்றும் இருந்தால் அந்தப் பெயர் கிடைக்கும். பெயரோடு நகராட்சிக் குழாயோ சாக்கடையோ வராது.

வருகிறவரை என்னவென்று கூப்பிடுவது?

கணக்கெடுப்பாளர் என்பது தாளில். சென்சஸ்காரர், கணக்கெடுக்கிறவர் எதுவும் பரவாயில்லை. மலையில் என்னை 'பேரெழுதுற வாத்தியார்' என்றார்கள். 2027-இல் பேரை எழுதப்போவதில்லை, செல்போனில் ஏற்றப்போகிறார்கள். நாமே இணையத்தில் பதிந்துகொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். மேலே சிக்னல் கிடைக்காத கிராமங்களில் என்ன கூப்பிடுவார்கள் என்று தெரிந்துகொள்ள, இந்த முறை நான் கணக்கெடுக்கப் போகாவிட்டாலும் ஒரு நடை ஏற்காட்டு பஸ் ஏறிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.